பேர் வைக்காத பிள்ளையின்ரை ரிப்போட்

"இல்லை, அங்கை பேரொண்டும் வடிவாக் கேட்டவையெண்டு சொல்லேலாது," எண்டார் பரமலிங்கம்.

ஒருத்தரும் அவரிட்டை அதைக் கேக்கேல்லை. மகள் கஜந்தினி கேட்டது, போனிலை சார்ஜ் கிடக்கோ எண்டு. மனுசி பத்மாவதி கேட்டது, தேத்தண்ணி போடட்டோ எண்டு. கொழும்பிலையிருந்து மற்றப் போனிலை, ஸ்பீக்கரிலை நிண்ட மருமகன் பிரவீணன் கேட்டது, அமத்தினாப் பிறகு என்ன காட்டுது எண்டு. மூண்டு பேருக்கும் மறுமொழி இல்லை. ஆரும் கேக்காததுக்கு மறுமொழி சொல்லிப்போட்டு மனுசன் கதிரையாலை எழும்பி முத்தத்துக்குப் போனார். முத்தத்திலை அவருக்கு ஒரு அலுவலும் இல்லை. திரும்பி வந்தார்.

கஜந்தினியின்ரை கையிலை இருந்தது பரமலிங்கத்தின்ரை போன். அதுக்கு மத்தியானம் ஒரு மெசேச் வந்தது. மெசேச்சிலை ஒரு லிங். லிங்கை அமத்தினா ஒரு பக்கம் வரும். அதிலை நீலத்திலை ஒரு பட்டன். பட்டனை அமத்தினா வட்டம் ஒண்டு சுத்தும், சுத்தும், பேந்து பைலைத் திறக்கேலாதெண்டு இங்கிலீசிலை ஒரு வரி வரும். அவ்வளவுதான். அந்தப் பைலுக்குள்ளை இருந்தது பிள்ளையின்ரை இரத்த ரிப்போட்.

பிள்ளையெண்டா, பிறந்து ரெண்டு கிழமை ஆகாத பிள்ளை. பிரவீணனுக்கும் கஜந்தினிக்கும் தலைப்பிள்ளை, பரமலிங்கத்துக்கு முதல் பேத்தி. அதின்ரை வடிவைச் சொல்ல வெளிக்கிட்டா இந்தக் கதை முடியாது. குதிக்கால் ஜம்புப்பழம் மாதிரி. தும்மினா வீடு முழுக்கச் சிரிக்கும். கொட்டாவி விட்டா ஆளையாள் கூப்பிட்டுக் காட்டுவினம். அப்பிடிச் சந்தோசமா இருக்கேக்கைதான், வீடு வீடா வந்து பிள்ளைப்பெத்த ஆக்களைப் பாக்கிற மிட்வைப் மிஸ் வெள்ளிக்கிழமை வந்து, பிள்ளையின்ரை மூக்கு நுனியை விரலாலை அமத்திப் பாத்துப்போட்டு, மஞ்சளாக் கிடக்கு, செங்கமாரி கூடுதோ தெரியாது, பிள்ளையளைப் பாக்கிற டொக்டரிட்டை காட்டுங்கோ எண்டு சொல்லிட்டுப் போனவ.

சனிக்கிழமை காலமை ஓட்டோ பிடிச்சு யாழ்ப்பாணம் போச்சினம். டொக்டர் பாத்தார். இரத்தம் எடுத்துப் பாக்கச் சொன்னார். இரத்தத்திலை அந்த மஞ்சளின்ரை நம்பர் பதினெட்டைத் தாண்டினா வீட்டிலை வைச்சிருக்கேலாது, உடனை ஆஸ்பத்திரியிலை சேத்து லைற்றுக்குக் கீழை கிடத்தோணும், தாண்டாட்டிப் பயமில்லை எண்டார். ரிப்போட் வந்த கையோடை தனக்கு வட்ஸ்அப்பிலை போடச் சொன்னார். நாலு மணிக்குத் தான் கிளினிக்குக்கை போனா பேந்து போன் பாக்கமாட்டன் எண்டும் சொன்னவர். இரத்தம் எடுத்த லாப்பிலை, சனிக்கிழமை எண்டபடியா கவுண்டர் மத்தியானத்தோடை பூட்டு, ரிப்போட் போனுக்கு வரும் எண்டினம். வந்தது. வந்தும் திறக்குதில்லை. லாப்புக்குப் போன் எடுத்தா, திங்கக்கிழமை எடுங்கோ எண்டு ஒரு மிசின் கதைக்குது.

நேரம் மூண்டைத் தாண்டிட்டுது.

பரமலிங்கம் ஏழாலையிலை வெங்காயம் செய்யிற மனுசன். அஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவர். சும்மா இருக்கிறதெண்டா என்னெண்டு அந்தாளுக்குத் தெரியாது. செத்தவீட்டுக்குப் போனா அழுகிற ஆக்களோடை இரார், கதிரை அடுக்கப் போயிடுவார். வலிகாமம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து எழும்பி ஓடின வருசம், சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையிலை குடும்பமா ஒதுங்கினவை. அடுத்தநாள் காலமை வீட்டுக்காரர் எழும்பி வந்து பாக்க, இவர் அவையின்ரை வேலியை அடைச்சுக்கொண்டு நிக்கிறார். அடைக்கச் சொல்லி ஆரும் கேக்கேல்லை. அந்த ஓட்டத்திலையும் ஒரு வேலி ஓட்டையாக் கிடக்கிறதை அந்தாளாலை பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு.

தண்ணி இறைக்கிற மிசின் ஸ்ராட் வராட்டி, பிளக்கைக் கழட்டித் துடைச்சு ஊதிப் பூட்டுவார். வரும். போனுக்கும் அதுதான் அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம். அண்டைக்கு அவர் போனைத் துடைச்சார், சார்ஜ் குத்திற ஓட்டைக்குள்ளை ஊதினார், நிப்பாட்டிப் போட்டார். கார்ட் வாங்கி டேட்டாவும் போட்டார். வட்டம் சுத்தினது. அதே வரி வந்தது.

"மாமா, உங்கடை போனிலை இடமில்லைப் போலை," எண்டான் பிரவீணன். "பைல் பாதியிலை நிக்குது. பாதிப் பைல் எப்பிடித் திறக்கும்? கஜி, படமெல்லாம் எவ்வளவு கிடக்கெண்டு பார்."

கஜந்தினி பாத்தாள். விரலாலை தள்ளத் தள்ள முடியேல்லை.

"அப்பா, உது முழுக்க ஒரே படம்."

"ஒரே படமோ? வடிவாப் பார் பிள்ளை. அதிலை கையைப் பொத்தியிருக்கு, இதிலை விரிச்சிருக்கு."

பிறந்த நேரந்தொட்டு பிள்ளை நித்திரை கொள்ள நித்திரை கொள்ள அவர் படம் எடுத்திருந்தார். தொட்டிலுக்குக் கிட்ட நிண்டு எடுத்தது, கதிரையிலை ஏறி நிண்டு எடுத்தது, பிள்ளை இல்லாமல் தொட்டிலை மட்டும் எடுத்தது. அதுக்கு மேலாலை, வெளிநாட்டிலையிருந்து சொந்தக்காரர் அனுப்பின மரண அறிவித்தல் ஒரு குவியல். காலை வணக்கம் சொல்லுற சாமிப்படம் இன்னொரு குவியல். கோயில் திருவிழா வீடியோ. அந்தப் போனிலை ஒரு ஊசி குத்த இடமில்லை.

செத்த ஆக்களை அழிக்கச் சொல்லி உடனை சொல்லிட்டார். சாமியை அழிக்க விடேல்லை. பிள்ளை பிறந்து குடும்பத்துக்குத் துடக்கு, கோயிலுக்கும் போகேலாமல் கிடக்கு, இந்த நேரத்திலை சாமியைத் தூக்கி எறிஞ்சா என்ன நடக்குமோ எண்டார். பிள்ளையின்ரை படத்தை அழிக்கிறதெண்டா ஒவ்வொண்டாத் தனக்குக் காட்டித்தான் அழிக்கோணும் எண்டு நிண்டார். தெளிவில்லாத படம் ஒண்டைக் காட்டினா, தெளிவில்லாட்டி என்ன, ஆளைத் தெரியுதுதானே எண்டார். பத்மாவதி குசினிக்குள்ளையிருந்து வந்து, "இஞ்சாருங்கோ, பிள்ளை உயிரோடை உள்ளை கிடக்குது, படத்துக்கு நிண்டு அழுறியளே," எண்டு போனைப் பறிச்சு மகளிட்டைக் குடுத்தா. கஜந்தினி கண்ணை மூடிக்கொண்டு தொட்டில் படம் முழுக்க அழிச்சாள். சாமியிலையும் கொஞ்சம் போச்சுது. அவருக்குச் சொல்லேல்லை.

பிரவீணன் சொல்லச் சொல்லப் பாதியிலை நிண்ட பழைய பைலையும் எடுத்து எறிஞ்சுபோட்டு, லிங்கைத் திரும்ப அமத்தினாள். வட்டம் சுத்தினது. இந்த முறை முழுக்க இறங்கினது.

அது இறங்கினதைக் கேட்ட உடனை பரமலிங்கம் எழும்பிட்டார். "இஞ்சை கொண்டா பிள்ளை, நான் முதல் பாக்கிறன்," எண்டு கையை நீட்டினார். அவருக்கு இங்கிலீசு எழுத்து ஒண்டும் வாசிக்கத் தெரியாதெண்டு வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். எதைப் பாக்கப் போறார் எண்டு கஜந்தினிக்கு விளங்கேல்லை.

அவருக்கு விளங்கினது. அந்த ரிப்போட்டிலை மேலை ஒரு பேர் இருக்கும். நம்பர் என்னெண்டு ஒரு பக்கத்தாலை நெஞ்சு அடிக்குது. மற்றப் பக்கத்தாலை அந்தப் பேர்.

நடந்தது இதுதான். லாப் மாடியிலை. கஜந்தினிக்கு வயித்திலை தையல், படி ஏறேலாது. அவளோடை பத்மாவதி கீழை ஓட்டோவிலை இருக்க, பிள்ளையைத் துவாயிலை சுத்திக்கொண்டு மேலை போனது பரமலிங்கம். கவுண்டரிலை இருந்த பெட்டை, பேசன்ட் பேர் என்ன ஐயா எண்டு கேட்டாள். இப்பிடியான பிள்ளையளுக்குத் தாயின்ரை பேரைச் சொல்லி, இன்னாரின்ரை பிள்ளையெண்டு பதியிறது வழமை. அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், பிறந்து முப்பத்தொண்டு நாள் கழிஞ்சு, துடக்குக் கழிச்சு, அதுக்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பேர். அதுவரைக்கும் பிள்ளைதான், குஞ்சுதான். பேரில்லையெண்டு சொன்னா இரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பிப்போடுவாளோ எண்டு ஒரு பயம் வந்தது. பின்னாலை சனம் நிக்குது. அவள் விரலைக் கீபோட்டிலை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்.

"சிவக்கொழுந்து," எண்டிட்டார்.

சிவக்கொழுந்து அவரைப் பெத்த தாய். கடகத்திலை வெங்காயம் சுமந்துகொண்டு சுன்னாகச் சந்தைக்கு நடந்து போய் வந்த மனுசி. சந்தையிலை அவவை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய், இஞ்சை, வெங்காயக்காரி, இதுகள்தான். செத்து நோட்டீஸ் அடிக்கேக்கைதான் அந்தப் பேரை எழுத்திலை பாத்தது. பேத்தி வயித்திலை இருக்கேக்கை, பொம்பிளைப் பிள்ளையெண்டா அம்மாவின்ரை பேரை வைச்சா என்ன எண்டு ஒருக்கால் வாயைத் திறந்தவர். கஜந்தினி சிரிச்சுப்போட்டு, பள்ளிக்கூடத்திலை பிள்ளையைப் பகிடி பண்ணியே சாக்கொல்லுவாங்கள் அப்பா எண்டாள். பிரவீணன்ரை தாய் இராசமலர் சிரிக்கவும் இல்லை. பேர் எங்கடை பக்கத்தாலை, சாத்திரியார் எழுத்துச் சொல்லுவார், அந்த எழுத்திலை புதுசா ஒரு பேர் பாப்பம் எண்டு ஒரே சொல்லிலை முடிச்சிட்டா. அதோடை பரமலிங்கம் வாயை மூடினவர்தான்.

லாப்பிலை கொஞ்ச நேரம் செல்ல, உள்ளையிருந்து மைக்கிலை கூப்பிட்டாள். சிவக்கொழுந்து, உள்ளை வாங்கோ. அந்தக் குளிர் அறையிலை இருந்த சனம் முழுக்க ஒரு கிழவியைத் தேடித் திரும்பிப் பாத்தது. பரமலிங்கம் உள்ளங்கையளவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். சிரிச்சினம். அவருக்கு அது காதிலை விழேல்லை. அந்தப் பேரோடை ஆரும் வாங்கோ எண்டு சேத்துச் சொல்லி அவர் அண்டைக்குத்தான் கேட்டது. அந்த ஒரு சொல்லுக்கு மாடியாலை இறங்கி வரேக்கை அவருக்குக் கால் நிலத்திலை முட்டேல்லை. ஓட்டோவுக்குள்ளை ஏறினாப் பிறகுதான், தான் என்ன செய்துபோட்டன் எண்டு விளங்கினது.

இனிப் பைலுக்கு வருவம். கஜந்தினி திறந்தாள். ரிப்போட் வரேல்லை. சாம்பல் நிறத்திலை ஒரு பெட்டி வந்து, பாஸ்வேர்ட் கேட்டது. பிரவீணன் மெசேச்சைக் கீழை வரைக்கும் வாசிக்கச் சொன்னான். கீழை, ஆரும் கவனிக்காத இடத்திலை, ஒரு வரி கிடந்தது: பேசன்ட் பேரின்ரை முதல் நாலெழுத்து, அதோடை பிறந்த வருசம்.

பரமலிங்கம் எழும்பி, தான் இருந்த கதிரையைச் சுவரோடை ஒதுக்கி வைச்சார்.

கஜந்தினி தன்ரை பேரை அடிச்சுப் பாத்தாள். பிழை. பிரவீணன் தன்ரை கொம்பியூட்டரிலையும் அதே லிங்கைத் திறந்துவைச்சு அவன்ரை பேரை அடிச்சான். பிழை. பேபி எண்டு அடிச்சான். பிழை. கஜந்தினி பிறந்த வருசத்தைப் போட்டான், பேந்து தான் பிறந்த வருசத்தைப் போட்டான். வேறை பிரவுசரிலை திறந்தான், அதிலை பெட்டியும் வராமல் வெறும் வெள்ளையாக் கிடந்தது. பைல் பழுதோ தெரியாது எண்டான். பேந்து கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, மாமா, பதியேக்கை என்ன பேர் குடுத்தனீங்கள் எண்டு கேட்டான்.

இந்த முறை கேள்வி வந்திட்டுது. மறுமொழிதான் வரேல்லை. வாயைத் திறந்தவர், படலை திறக்கிற சத்தம் கேட்டு மூடினார். இராசமலர். அச்சுவேலியிலையிருந்து பேத்தி பாக்க வாறா, கையிலை பிள்ளைப்பெத்தவளுக்கெண்டு ஒரு பை பச்சைமாவும் சரக்குத்தூளும்.

"அந்த நேரம் சரியான சனம், வடிவா ஞாபகமில்லை," எண்டு போனுக்குச் சொன்னார். மகளிட்டை இருந்த தன்ரை போனை வாங்கிச் சேட்டுப் பொக்கற்றுக்கை போட்டார். "சுன்னாகத்திலை டினேஸின்ரை கடையிலை குடுத்தாத் திறப்பான். இந்தா வாறன்." இராசமலர் செருப்பைக் கழட்டி முடிக்க முன்னம் மோட்டச்சைக்கிள் ஒழுங்கையாலை போயிட்டுது.

டினேஸின்ரை கடை சந்தைக்குக் கிட்ட. போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம், எல்லாம் அதுக்குள்ளை. டினேஸ் லிங்கைத் தன்ரை மெயிலுக்கு அனுப்பிக் கொம்பியூட்டரிலை இறக்கினான். வெள்ளையா வந்தது. பூட்டின பைல் அண்ணை, சில பிரவுசர் இதைக் காட்டாது எண்டு சொல்லிப்போட்டு, பைலை வெளியாலை எடுத்து வேறையொண்டிலை திறந்தான். அதே சாம்பல் பெட்டி.

"பேசன்ட் பேரைச் சொல்லுங்கோ அண்ணை."

பரமலிங்கம் பின்னாலை திரும்பிப் பாத்தார். காணி உறுதி கொப்பி எடுக்க வந்து நிண்டது ஏழாலை ஆழ்வாப்பிள்ளை. அந்த ஊரிலை ஒரு கதை ஆழ்வாப்பிள்ளையின்ரை காதுக்குப் போனா, பேந்து அதைக் கோயிலிலை ஒலிபெருக்கியிலை சொல்லத் தேவையில்லை.

"கொஞ்சம் பொறு தம்பி," எண்டார். கடைக்கு வெளியாலை போனார். உள்ளை வந்தார். "பேரில்லாமல் திறக்கேலாதோ?"

"ஏலாது."

"திறந்தாப் பிறகு பேர் கிடக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிப்போட்டு அனுப்பலாமோ?"

டினேஸ் நிமிந்து பாத்தான். பேரில்லாட்டி ஆற்றை இரத்தம் எண்டு டொக்டர் கேப்பார் எல்லோ எண்டான். ஏதும் போலீசு அலுவலோ எண்டு அவன் நினைச்சிருப்பான், முகம் அப்பிடித்தான் கிடந்தது.

அப்பத்தான் பொக்கற்றுக்குள்ளை போன் அடிச்சது. கஜந்தினி. அழுது அழுது கதைக்கிறாள்.

"அப்பா, பிள்ளை பால் குடிக்குதில்லை. எழுப்பினாலும் எழும்புதில்லை. இனி ரிப்போட்டைப் பாத்துக்கொண்டு இருக்கேலாதாம். மாமி ஓட்டோவுக்குச் சொல்லிட்டா. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறம்."

பரமலிங்கத்துக்குக் கண்ணுக்கு முன்னாலை வாட் வந்தது. தையல் காயாத மகள் திரும்பவும் அந்த வாங்கிலை இருக்கிறது, அந்தச் சின்னக் குதிக்காலிலை இன்னொருக்கால் ஊசி. நம்பர் கூடவெண்டா கட்டாயம் போகத்தான் வேணும், ஒரு நிமிசமும் பிந்தப்படாது. குறைவெண்டா ஒண்டும் தேவையில்லை. எது எண்டு தெரியாமல் கிடக்கிறது ஒரு பேராலை. அந்தப் பேர் தன்ரை வாய்க்குள்ளை கிடக்குது. சுவரிலை மணிக்கூடு நாலுக்குக் கிட்ட நிண்டது.

"ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லு பிள்ளை," எண்டார். "நான் குடுத்த பேர் சிவக்கொழுந்து."

  கொப்பி மிசினடியிலை நிண்ட ஆழ்வாப்பிள்ளை திரும்பிப் பாத்தார்.

பேந்து ஸ்பீக்கரிலை இராசமலரின்ரை குரல் கேட்டது. "ஆற்றை பேர்?"

"அம்மாவின்ரை," எண்டார் பரமலிங்கம். "என்ரை அம்மாவின்ரை பேர். அடியுங்கோ கெதியா. சிவக்கொழுந்து."

"மாமா, முதல் நாலெழுத்துக் காணும்," எண்டான் கொழும்பிலையிருந்து அதே லைனிலை நிண்ட பிரவீணன்.

டினேஸின்ரை கொம்பியூட்டரிலைதான் முதல் திறந்தது. பரமலிங்கத்துக்கு அது முழுக்கக் கறுத்த எறும்பு மாதிரித்தான் தெரிஞ்சுது. டினேஸ் விரலை ஓட்டிக்கொண்டு போய் ஒரு இடத்திலை நிப்பாட்டினான். பதினாலு தசம் ஆறு எண்டான்.

"பதினெட்டைவிடக் குறைவுதானே?"

"குறைவுதான் அண்ணை."

"வடிவாப் பார் தம்பி. பதினாலோ, நாப்பத்தொண்டோ?"

"பதினாலு."

சந்தையிலை வெங்காயம் நிறுத்து நிறுத்து, நம்பரிலை ஏமாறாத மனுசன். எண்டாலும் இன்னொருக்கால் கேட்டார். டினேஸும் இன்னொருக்கால் சொன்னான். பிரவீணன் டொக்டருக்கு அனுப்பி, டொக்டர் பாத்துட்டு மறுமொழி போடுமட்டும் அவர் கடை வாசலுக்கும் கொம்பியூட்டருக்கும் நடந்துகொண்டே நிண்டார். ஒருக்கால் போய் ஆற்றையோ சைக்கிளை நிமித்தி விட்டார். மறுமொழி வந்தது. இண்டைக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை. இந்த நாளிலை பிள்ளை இப்பிடித்தான் தூங்கும், பேசாமல் விடப்படாது, காலைத் தட்டி எழுப்பி ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால் குடுங்கோ. குடிக்காட்டி உடனை கொண்டுவாங்கோ. திங்கக்கிழமை திரும்ப இரத்தம் பாப்பம். போனுக்குள்ளாலை கஜந்தினி பிள்ளையின்ரை காலைத் தட்டுறதும், பிள்ளை கோவத்திலை கத்துறதும் கேட்டுது. பேந்து கத்தல் நிண்டு, குடிக்குது அப்பா எண்டாள். அந்தக் கத்தலைப்போலை ஒரு நல்ல சத்தம் உலகத்திலை இல்லை.

ஆழ்வாப்பிள்ளை அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டு நிண்ட மனுசன். உறுதியைச் சுருட்டிக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு கிட்ட வந்தார்.

"என்ன பரமலிங்கம், சிவக்கொழுந்தாச்சி செத்து எவ்வளவு காலம். அவவுக்கு இப்ப ஆர் இரத்தம் எடுத்தது?"

பரமலிங்கம் டினேஸுக்குக் காசைக் குடுத்தார். மோட்டச்சைக்கிளை எடுத்தார். வீட்டுக்கு நேர் வழி இருக்க, தோட்டத்துப் பக்கத்தாலை சுத்தி, ஓடாத மிசினை ஒருக்கால் பாத்து, பாத்தியிலை ரெண்டு புல்லைப் புடுங்கி, பொழுதுபடத்தான் வீட்டுக்கு வந்தார்.

வீட்டிலை பிள்ளை குடிச்சு முடிச்சு, நாடியிலை பால் வழிய, குடிச்ச வெறியிலை கிடக்கிற ஆள் மாதிரிக் கிடந்தது. அதைப் பாத்த உடனை அவருக்கு வயிறு குளிந்தது. ஆனா வீட்டிலை ரிப்போட்டை எல்லாரும் வாசிச்சிட்டினம். சிவக்கொழுந்து, பெண், வயது பத்து நாள்.

"எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," எண்டா பத்மாவதி. அவவுக்குப் பேரிலை கோவமில்லை. தன்னையும் சேத்து மறைச்சதிலைதான் கோவம்.

இராசமலர் மடியிலை பிள்ளையை வைச்சுக்கொண்டு, பிள்ளையைப் பாத்தபடிதான் கதைச்சா. "அண்ணை, முப்பத்தொண்டுக்கு எங்கடை ஆக்களுக்குச் சொல்லி, சாத்திரியாருக்குச் சொல்லி, ஒழுங்கெல்லாம் செய்துகொண்டிருக்கிறம். அதுக்கிடையிலை நீங்கள் பேரும் வைச்சு, இரத்தமும் எடுத்து முடிச்சிட்டியள்."

 வைச்சதெண்டு இல்லைத் தங்கச்சி, வாயிலை வந்திட்டுது எண்டு மட்டும் சொன்னார் பரமலிங்கம். அந்த மைக்கிலை கூப்பிட்டதை, அந்த வாங்கோவை, சொல்லுவம் எண்டு தொடங்கினவர்.  பாதியிலை எழும்பி, படலைக் கொளுக்கி சரியில்லையெண்டு போய் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். இராசமலர் போகேக்கை அந்தப் படலையாலைதான் போகோணும். வாறன் அண்ணை எண்டிட்டுப் போனா. தேத்தண்ணி குடிக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலை ஒரே அலுவல்தான், பிள்ளையை எழுப்பிறது, பால் குடுக்கிறது, நிறம் பாக்கிறது. பரமலிங்கம் வெளிச்சத்திலை வைச்சுப் பாத்தார், கதவைச் சாத்திப்போட்டுப் பாத்தார். நேற்றைவிட மஞ்சள் குறைவு எண்டார். பத்து நிமிசத்தாலை, கூடிட்டுது போலை கிடக்கெண்டார். கஜந்தினி அவரை முத்தத்துக்கு அனுப்பினாள். அவர் ஜன்னலாலை பாத்தார். போனிலை இடம் கிடந்தும் அண்டைக்கு ஒரு படமும் எடுக்கேல்லை.

பிரவீணன் லீவு போட்டுட்டு ராத்திரி றெயினிலை வந்து, திங்கக்கிழமை விடிய ஸ்ரேசனிலை இறங்கினான். வந்து பிள்ளையைத் தூக்கிப் பாத்தான். மாமனாரைப் பாத்து ஒண்டும் கேக்கேல்லை. சிரிப்பை அடக்கினவனோ கோவத்தை அடக்கினவனோ எண்டு பரமலிங்கத்துக்குத் தெரியேல்லை. லாப்புக்குப் போறதுக்கு ஓட்டோ வாசலிலை வந்து நிண்டது. கஜந்தினி ஏறி இருந்தாள். பிரவீணன் பிள்ளைக்குத் துவாயைச் சுத்தினான். பரமலிங்கம் படலையடியிலை நிண்டார். வேட்டியை ஒருக்கால் அவிட்டுக் கட்டினார். வரட்டோ எண்டும் கேக்கேல்லை, வரேல்லை எண்டும் சொல்லேல்லை. பேந்து ஓட்டோவுக்குக் கிட்ட வந்து ரெண்டு கையையும் நீட்டினார்.

"மருமோன், இந்த முறை பேரை நீங்கள் சொல்லுங்கோ. பிள்ளையை நான் தூக்கிறன்."